நாக்குக்கு ரிட்டயர்மென்ட் இல்லை

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரை, பென்ஷன், பேரப்பிள்ளை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சாப்பாட்டில் வந்து நிற்கும். அதுவும் எதைச் சாப்பிட்டோம் என்ற பேச்சு அல்ல, எதையெல்லாம் விட்டோம் என்ற கணக்கு. "நான் இனிப்பை விட்டுப் பத்து வருஷம் ஆச்சு" என்பார் ஒருவர். "எனக்கு ராத்திரியில ரெண்டு இட்லிதான்" என்பார் இன்னொருவர். எழுபது வயதுக்கு மேல் புதிதாக ஒன்றைச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே நான் சொல்கிறேன். எழுபத்தொன்றாம் வயதில் நான் பச்சை மீன் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். ஜப்பான்காரர்களின் சுஷியும் சஷிமியும்தான் அது.

முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது.

என் மனைவி 2016இல் காலமானாள். நாற்பத்திரண்டு வருஷம் அவள் கைச் சமையல். வீட்டில் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வைத்திக்குப்பத்திலிருந்து கூடைக்காரம்மா வாசலுக்கே கொண்டு வருவார். கானாங்கெளுத்தி, சங்கரா, கிழங்கான், கை ஓட்டமாக இருக்கும் மாதத்தில் வஞ்சிரம். மீனை ஆய்ந்து, கல்லுப்புப் போட்டு உரசி, மஞ்சள் தடவி, ஐந்தாறு தண்ணீர் மாற்றிக் கழுவினால்தான் அவளுக்குத் திருப்தி. "கவுச்சி போகணும்" என்பாள். கவுச்சி போகாத மீன் அந்த வீட்டு மண்சட்டியில் ஏறியதில்லை.

அவள் போன பிறகு எனக்கு மீன் இறங்கவில்லை. மெஸ்ஸிலிருந்து வரவழைத்துப் பார்த்தேன். உறவுக்காரர்கள் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார்கள். யார் வைத்த குழம்பானாலும் முதல் கவளத்திலேயே இது அவள் வைத்ததல்ல என்று நாக்கு சொல்லிவிடும். பிறகு அது சாப்பாடாக இருக்காது, துக்கம் விசாரிப்பதாகிவிடும். மெதுவாக மீனை நிறுத்தினேன். தயிர்ச்சோறும் ஊறுகாயும் போதும் என்றாயிற்று. ஆபீஸில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போல மூன்று வேளையும் சாப்பாட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்தில் ஒன்பது கிலோ குறைந்தது.

மகள் டோக்கியோவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே கணினி வேலை. 2019 ஏப்ரலில், இரண்டு மாதமாவது வந்து இருங்கள் என்று டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டாள். அவர்கள் இருப்பது நிஷி-கசாய் என்ற பகுதி, எதோகாவா வட்டாரத்தில். 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினிப் பொறியாளர்கள் வந்து குடியேறத் தொடங்கியதிலிருந்து நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். துவரம்பருப்பு கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும். அதனால் முதல் பத்து நாள் நான் அங்கேயும் தயிர்ச்சோறுதான்.

பதினோராம் நாள் என் பேத்திதான் என்னைக் கிளப்பினாள். எட்டு வயது. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். "தாத்தா, சுஷி ரயில் பாக்க வரீங்களா?" என்றாள். ரயில் என்றதும் கிளம்பிவிட்டேன்.

போன இடம் கைதென்-சுஷி என்று சொல்லப்படும் சாப்பாட்டுக் கடை. மேசைகளை ஒட்டி ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் சின்னச் சின்னத் தட்டுகள் ஊர்வலம் வருகின்றன. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு முடித்ததும் காலித் தட்டுகளை எண்ணி பில் போடுகிறார்கள். 1958இல் ஒசாகா பக்கத்தில் ஷிராயிஷி யோஷியாகி என்ற கடைக்காரர் முதன்முதலாக இதைத் தொடங்கினார். பீர் தொழிற்சாலையில் புட்டிகள் பட்டையில் நகர்ந்து போவதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனையாம். மேசையிலேயே வெந்நீர்க் குழாய் இருக்கிறது. பச்சைத் தேயிலைத் தூளைக் கோப்பையில் போட்டு நாமே தேநீர் கலந்துகொள்ளலாம். முப்பத்தெட்டு வருஷம் குமாஸ்தா வேலை பார்த்த எனக்குக் கோப்பு தானாக மேசைக்கு மேசை நகர்வதைப் பார்த்ததே பெரிய சந்தோஷம்.

தட்டில் இரண்டிரண்டு உருண்டை. கட்டை விரல் நீளத்துக்குச் சோறு, அதன் மேல் போர்வை மாதிரி ஒரு துண்டு மீன். மகள் சிவப்பாக ஒரு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. பிடிக்கலன்னா அப்படியே வெச்சிடுங்க."

"இது என்ன மீன்?"

"சூரைப்பா. நம்ம ஊர்ல கிடைக்கிற சூரையோட பெரிய அண்ணன்."

எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்களுக்கு ஒரு பிரெஞ்சு வாத்தியார் இருந்தார், பிரெத்தாஞ் கடற்கரைக்காரர். அந்த ஊரில் சிப்பியை உடைத்து எலுமிச்சை பிழிந்து உயிரோடே விழுங்குவார்கள் என்று சொல்வார். வகுப்பே ஓங்கரிக்கும். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வினைச்சொல்லைப் பலகையில் எழுதுவார். ருசி பார்ப்பதற்குப் பிரெஞ்சில் உள்ள சொல் அது. தமிழில் எழுதினால் 'கூத்தே' என்று வரும். பையன்கள் அதை வைத்து வருஷம் முழுக்கக் கூத்தடித்தோம். ஆனால் அவர் சொன்ன பாடம் எளியது: முதலில் ருசி பார், பிறகு முகம் சுளி.

பேத்தி வகுப்பெடுத்தாள். கையாலேயே எடுக்கலாம், தப்பில்லை. சோற்றைச் சோயாவில் முக்கக் கூடாது, உதிர்ந்துவிடும். மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தொட வேண்டும். கடிக்கக் கூடாது, ஒரே வாய். கையால் சாப்பிடலாம் என்று கேட்டதுமே எனக்குப் பாதித் தைரியம் வந்துவிட்டது. வாயில் போட்டேன்.

கவுச்சி இல்லை. முதலில் தெரிந்தது அதுதான். நாற்பத்திரண்டு வருஷம் ஐந்தாறு தண்ணீரில் கழுவிப் போக்கிய வாடை, கழுவாத பச்சை மீனில் இல்லவே இல்லை. சோறு வெதுவெதுப்பாக, இலேசான புளிப்பும் இனிப்புமாக இருந்தது. மீன் குளிர்ந்து, வெண்ணெய்க்கும் பழுத்த பப்பாளிக்கும் நடுவில் ஒரு பதத்தில் இருந்தது. மெல்ல மெல்ல சோறும் மீனும் ஒன்றாகி ஒரு ருசி வந்தது. அதற்கு ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை.

அதுதான் விஷயம். ஒப்பிட எதுவும் இல்லை. குழம்பில் அவள் இல்லை என்பது முதல் கவளத்தில் தெரிந்துவிடும். இந்தச் சாப்பாட்டில் அவள் என்றைக்குமே இருந்ததில்லை. ஆகவே இங்கே அவள் இல்லாமல் போகவும் இல்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக, யாரையும் தேடாமல் ஒரு வாய் சாப்பிட்டேன். அன்றைக்கு ஏழு தட்டு. மகள் பில்லைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுச்சி ஏன் இல்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கடல்மீனின் உடம்பில் வாடையே இல்லாத ஒரு வேதிப்பொருள் உண்டு. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை மாற்றுகின்றன. அப்போது வருவதுதான் டிரைமெத்திலமின் என்ற நாற்றப் பொருள். அதாவது, நாம் மீன் வாடை என்று சொல்வது மீனுடைய வாடை அல்ல, நேரம் கடந்துபோன வாடை. புளிப்பு பட்டால் அந்தப் பொருள் கட்டுப்பட்டுவிடும். நம் பெண்கள் மீனுக்குப் புளி கரைப்பதும், பிரெஞ்சுக்காரர்கள் எலுமிச்சை பிழிவதும் ஒரே கணக்குத்தான். ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில், சித்திரை வெயிலில், கூடையில் வந்த மீனை வைத்துக்கொண்டு உப்பும் மஞ்சளும் புளியுமாக நம் பாட்டிமார் செய்தது பெரிய விஞ்ஞானம். அதை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஜப்பான்காரர்கள் வேறு வழியில் போனார்கள். நல்ல மீனைப் பிடித்தவுடன் மூளையில் குத்தி, இரத்தத்தை வடித்து, தண்டுவட நரம்பையும் கம்பி விட்டு எடுத்துவிடுகிறார்கள். இதற்கு இகெஜிமெ என்று பெயர். மீன் துடித்துத் துடித்துச் சாகாததால் சதை சீக்கிரம் கெடுவதில்லை. அதன் பிறகு ஐஸ், ஐஸ், ஐஸ்.

இன்னொரு சங்கதி. சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லின் வேரே புளிப்பு. சுஷிக்கு ஆதாரம் புளித்த சோறு. பழைய நாளில் மீனை உப்புப் போட்டுச் சோற்றுக்குள் அடைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்கள். பிவா ஏரிப் பக்கம் இன்றைக்கும் ஃபுனாசுஷி என்ற பெயரில் அப்படிச் செய்கிறார்கள். அந்த வாடைக்கு முன்னால் நம் கருவாடு நல்ல பிள்ளை. பின்னாளில், மாதக்கணக்கில் காத்திருக்காமல் சோற்றில் வினிகரைக் கலந்து புளிப்பைக் கொண்டுவந்தார்கள். 1820களில் எதோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனாயா யோஹெய் என்பவர் சோற்றைக் கையில் பிடித்து மேலே மீன் வைத்து விற்றுப் பேர் வாங்கினார். தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடுதான் அது. நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போவார்கள்.

சுஷிக் கடைகளில் அந்தச் சோற்றுக்கு 'ஷரி' என்று பெயர். புத்தரின் அஸ்தியைக் குறிக்கும் 'சரீர' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அரிசி மணிகள் வெள்ளை வெளேரென்று அந்தப் புனிதத் துகள்களைப் போல இருப்பதால் அந்தப் பெயராம். நம் சரீரம் ஜப்பான் வரை நடந்து போயிருக்கிறது.

சஷிமி வேறு. அதில் சோறு கிடையாது. மீனை வெட்டி அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, அடுப்பு இல்லை. வேலை முழுக்கக் கத்தியில். மீனுக்கு ஏற்றபடி தடிமன் மாறும். மென்மையான சூரையைக் கனமாக வெட்டுகிறார்கள். கெட்டிச் சதையுள்ள வெள்ளை மீனைத் தட்டின் பூ தெரிகிற அளவுக்கு மெலிதாகச் சீவுகிறார்கள். கடம்பாவை மேலாகக் கீறிவிடுகிறார்கள், பல்லுக்குச் சிரமம் இல்லாமல் இருக்க. பல்செட் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும். பக்கத்தில் நூல் நூலாகச் சீவிய முள்ளங்கி இருக்கும், அதையும் சாப்பிடலாம். கூடவே பச்சை விழுதாக வசாபி. அதைத் துளி எடுத்து மீன் மேல் வைக்க வேண்டும். அந்தக் காரம் மிளகாய் போல நாக்கில் நிற்காது, மூக்குக்கு ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். கடுகில் உள்ள அதே காரப் பொருள்தான். தீஜோன் கடுகு விழுதைத் தொட்டுச் சாப்பிட்டுப் பழகிய புதுச்சேரிக்காரனுக்கு இது பழைய சிநேகிதம். நடுநடுவே ஊறவைத்த இஞ்சியை ஓரிரு சீவல் மென்றால் முன்னால் சாப்பிட்ட மீனின் ருசி துடைபட்டு, அடுத்ததற்கு வாய் தயாராகும்.

ஒரு நாள் மதியம் மாப்பிள்ளை என்னைச் சிறிய கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார். எட்டு நாற்காலி. மரப் பலகைக்கு அந்தப் பக்கம் என் வயதையொத்த ஒரு சமையற்காரர். ஒவ்வொன்றாகப் பிடித்து முன்னால் வைப்பார், வைத்தவுடன் சாப்பிட வேண்டும். முதலில் வெள்ளை மீன், பிறகு சூரை, பிறகு உப்பிலும் வினிகரிலும் ஊறிய கானாங்கெளுத்தி, கடைசியில் இனிப்பு முட்டை. மென்மையிலிருந்து அழுத்தத்துக்கு ஏறும் வரிசை. ரசத்துக்கு முன்னால் மோரை ஊற்ற மாட்டோம் அல்லவா, அது போல இதற்கும் ஒரு கிரமம் இருக்கிறது.

கானாங்கெளுத்தியை நான் அடையாளம் கண்டுகொண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். சூரையைக் காட்டி, "இன்று காலை பிடித்ததா?" என்று மாப்பிள்ளை மூலமாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தலையசைத்தார். இல்லையாம். பெரிய சூரை பிடித்தவுடன் ருசிக்காதாம். பக்குவமாகச் சில நாள் குளிரில் வைத்திருந்தால்தான் சதை இளகி ருசி வெளியே வருமாம். இதற்கும் விளக்கம் இருக்கிறது. மீனின் தசையில் உள்ள சத்து மெல்ல மாறி இனோசினிக் அமிலமாகிறது. நாக்குக்குச் சுவை கூட்டுவது அதுதான். கொதாமா ஷிந்தாரோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1913இல் இதை உலர்த்திய மீனில் கண்டார். நம் பக்கத்து மாசிக்கருவாடு எந்த மீனோ அந்த மீன்தான் அதுவும்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. நேரம் மீனைக் கெடுக்கவும் செய்கிறது, ருசியாக்கவும் செய்கிறது. எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. பென்ஷன்காரன் காதில் இது வேறு மாதிரி விழுகிறது.

சூரைக்கு அங்கே உள்ள மரியாதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். டோக்கியோவின் பழைய சுகிஜி மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு மாறியது. அங்கே 2019 ஜனவரி 5ஆம் தேதி, புத்தாண்டின் முதல் ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. நம் பணத்தில் இருபது கோடிக்கும் மேல். அதெல்லாம் விளம்பரத்துக்காகக் கேட்கிற விலை, நான் சாப்பிட்ட தட்டு நூற்றுச் சொச்சம் யென்தான்.

ஆனால் என்னைக் கவர்ந்தது விலை அல்ல. இன்றைக்குப் பணக்காரச் சாப்பாடாக இருக்கிற அந்த மீனின் கொழுத்த வயிற்றுப் பகுதியை, தொரோ என்பார்கள், ஒரு காலத்தில் ஜப்பான்காரர்களே மதித்ததில்லை. பூனைகூடத் தாண்டிப் போகும் என்று கேலி செய்வார்களாம். சால்மன் கதையும் அப்படித்தான். புழு பயத்தால் அவர்கள் அதைப் பொதுவாகப் பச்சையாகத் தின்றதில்லை. 1980களில் நார்வேக்காரர்கள் பண்ணையில் வளர்த்த சால்மனைக் கொண்டுவந்து, பல வருஷம் முயன்று பழக்கிவிட்டார்கள். இன்று குழந்தைகள் முதலில் கை நீட்டுவது அந்த ஆரஞ்சு நிறத் தட்டுக்குத்தான். என் வயது ஜப்பானியர்கள் நடுவயதுக்கு மேல்தான் பச்சைச் சால்மனைக் கற்றிருக்கிறார்கள். ஒரு தேசமே நாக்கை மாற்றிக்கொள்ளும்போது தனி மனிதன் மாற்றிக்கொள்ள முடியாதா?

அரசாங்கம் என்னை அறுபது வயதில் வீட்டுக்கு அனுப்பியது. நாக்கை யாரும் அனுப்பவில்லை. நான்தான் அதை விருப்ப ஓய்வில் உட்கார வைத்திருந்தேன்.

ஊர் திரும்பியபோது இரண்டரைக் கிலோ ஏறியிருந்தேன். திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை கூடைக்காரம்மாவைக் கூப்பிட்டேன். "எங்கய்யா, மூணு வருஷமா கூப்பிடவே இல்லையே" என்றார். சங்கரா வாங்கி, அவர் கையாலேயே ஆயச் சொல்லி, மிளகாய்த்தூளும் புளியும் கொஞ்சம் குறைத்து நானே குழம்பு வைத்தேன். அவள் வைத்தது போல இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று அப்போது தோன்றியது. இது என் குழம்பு. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மீன் நிற்கவில்லை. டோக்கியோவில் நடந்ததை அவளிடம் சொல்ல முடிந்திருந்தால், "ஏன், அந்த ஊர்ல அடுப்பு இல்லையாமா?" என்றுதான் கேட்டிருப்பாள்.

கடைசியாக நண்பர்களுக்குச் சில வார்த்தை. இதைப் படித்துவிட்டுப் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து வீட்டில் பச்சையாக நறுக்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே கையாளப்பட்ட மீன் வேறு, குழம்புக்கு வரும் மீன் வேறு. கடல்மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். வினிகரோ வசாபியோ அதைக் கொல்லாது. மைனஸ் 20 பாகையில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும் என்கிறது ஜப்பானிய சுகாதார அமைச்சகம். நம் வீட்டு ஃபிரிட்ஜை நம்பி அதில் இறங்க வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் பச்சை மீன் பக்கமே போக வேண்டாம். சுஷிச் சோற்றில் சர்க்கரை சேர்ப்பார்கள், சோயாவில் உப்பு அதிகம். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் சஷிமியோடு நிறுத்திக்கொண்டு, சோயாவைத் தொட்டும் தொடாமலும் இருப்பது நல்லது. மீன் சாப்பிடாதவர்களுக்கு வெள்ளரிக்காய் வைத்த கப்பா-மாகி உண்டு, இனிப்புச் சோயா பைக்குள் சோறு அடைத்த இனாரி உண்டு. மீன் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து, நல்ல கடைக்கு அழைத்துப் போகிறேன் என்றால், "எனக்குத் தயிர்ச்சோறு போதும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தட்டு. பிடிக்கவில்லையென்றால் வைத்துவிடலாம்.